அழைப்பைக் கண்டறிவதும் வாழ்க்கையில் எதற்கு எவ்வளவு இடம் என்று முடிவெடுப்பதும்: கிறிஸ்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"தேவன் என்னை எதற்காக அழைத்திருக்கிறார்?" இந்தக் கேள்வி படிப்பு முடிந்து வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருமுறை வருகிறது. வேலை, பிள்ளைகள், வயதான பெற்றோர், சபைப் பொறுப்புகள் எல்லாம் நான்கு பக்கமும் இழுக்கிற நடுவயதில் மறுபடியும் வருகிறது. ஓய்வுபெற்ற பிறகு இன்னொரு முறை வரும். பெரும்பாலும் இதற்குப் பின்னாலேயே இன்னொரு கேள்வியும் நிற்கும்: "இருக்கிற வேலைகளுக்கே நேரம் போதவில்லை, இதில் அழைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?"

இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் விடை கிடைக்காது. அழைப்பைப் பற்றி மட்டும் பேசினால் வீட்டில் இருப்பவர்கள் பாதிக்கப்படுகிறார்கள். நேர ஒழுங்கைப் பற்றி மட்டும் பேசினால் எல்லாம் கச்சிதமாக நடக்கும், எதற்காக நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைப்பு தேவன் எங்கோ ஒளித்துவைத்திருக்கிற ரகசியம் என்று நான் நினைக்கவில்லை. அதில் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மீதிப் பகுதி, சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறவர்களுக்குப் போகப்போகத் தெளிவாகிறது.

ஒரு நோட்டுப்புத்தகமும், அவசரமில்லாத மூன்று நான்கு மாதங்களும் தேவை. பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த நெகேமியா, எருசலேம் இடிந்து கிடக்கிற செய்தியைக் கிஸ்லேயு மாதத்தில் கேட்டார். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். ஏறத்தாழ நான்கு மாதம் அழுகையும் உபவாசமும் ஜெபமும்தான். நகரத்தின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டி முடிக்க அவருக்கு ஆனதோ 52 நாட்கள்.

படி 1: ஏற்கெனவே தெரிந்ததை எழுதுங்கள்

"தேவசித்தம் தெரியவில்லை" என்று சொல்கிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். வேதத்தில் "இதுதான் தேவனுடைய சித்தம்" என்று நேரடியாகச் சொல்லியிருக்கிற இடங்களைத் தேடி எழுதுங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:3 பரிசுத்தத்தைச் சொல்கிறது. அதே நிருபத்தின் 5:18 எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறது. மீகா 6:8 நியாயம், இரக்கம், மனத்தாழ்மை என்று மூன்றைக் கேட்கிறது. இவற்றில் எதுவும் உங்கள் வேலை என்ன, ஊர் எது என்பதைப் பொறுத்ததல்ல.

1602-ல் இறந்த இங்கிலாந்துப் போதகர் வில்லியம் பெர்கின்ஸ், எல்லாக் கிறிஸ்தவர்களுக்குமான பொதுவான அழைப்பு ஒன்று, ஒவ்வொருவருக்குமான தனிப்பட்ட அழைப்பு ஒன்று என்று பிரித்துக் காட்டினார். இரண்டும் மோதினால் தனிப்பட்டதுதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய போதனை. நானூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தப் பிரிவினை நடைமுறைக்கு மிகவும் உதவுகிறது. பொய்க்கணக்கு எழுதினால்தான் நிலைக்க முடியும் என்கிற ஒரு வேலை "என் அழைப்பா" என்று ஜெபித்துக் குழம்பவேண்டிய அவசியமே இல்லை. அதற்கான பதில் ஏற்கெனவே வந்துவிட்டது.

இந்தப் பட்டியலை எழுதியபின், எதில் இப்போது கீழ்ப்படியாமல் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். மன்னிக்காமல் வைத்திருக்கிற ஒருவர், திருப்பிக் கொடுக்காத பணம், யாருக்கும் தெரியாத ஒரு பழக்கம். தெரிந்ததை ஒதுக்கிவிட்டுத் தெரியாததைக் கேட்டு எத்தனை நாள் உபவாசம் இருந்தாலும் மனதில் தெளிவு வராது.

படி 2: "ஊழியம்" என்றால் என்னவென்று ஒருமுறை யோசியுங்கள்

அழைப்பு என்றாலே முழுநேர ஊழியம், பிரசங்க மேடை, மிஷனரிப் பயணம் என்று நம்மில் பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. இதனால் இரண்டு தீங்கு வருகிறது. கணக்காளரும் தையல்காரரும் பேருந்து ஓட்டுநரும் தங்களை இரண்டாந்தர விசுவாசிகளாக நினைத்துக்கொள்கிறார்கள். ஊழியத்துக்கு வரக்கூடாத சிலர், வேறு எதுவும் ஆவிக்குரியதாகத் தெரியாததால், ஊழியத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

வேதம் காட்டுகிற ஆட்களைப் பாருங்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாக வேதம் முதலில் சொல்லும் மனிதர் தீர்க்கதரிசியோ ஆசாரியரோ அல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், மரம் இவற்றில் வேலைசெய்கிற கைவினைஞர் பெசலெயேல் (யாத்திராகமம் 31). பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். பிலிப்பியில் முதலில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி. நம் ஆண்டவரை நாசரேத்தில் ஜனங்கள் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது.

மாற்கு 5-ல் பிசாசு பிடித்துச் சுகமான மனிதனின் கதை எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது. இயேசுவோடேயே வந்துவிட அவன் கெஞ்சுகிறான். அவனைவிட ஆர்வமுள்ள ஆள் கிடைப்பாரா? இயேசு சம்மதிக்கவில்லை. "உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறார். கல்லறைகளில் சுற்றித்திரிந்தவனை மறுபடியும் பார்க்க வேண்டிய ஜனங்கள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். அவனுக்கு அதுதான் அழைப்பு.

ஆகவே நோட்டில் எழுதுங்கள்: நான் இப்போது செய்கிற வேலையில், யாருக்கு என்ன நன்மை போய்ச் சேருகிறது? ஆவிக்குரிய வார்த்தைகள் வேண்டாம். "நோயாளிகளுக்குச் சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைக்கிறது" என்பதுபோல இருந்தால் போதும். எவ்வளவு யோசித்தும் எழுத ஒன்றுமே வரவில்லை என்றால், அதுவும் உங்களுக்கு முக்கியமான தகவல்.

படி 3: உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்களை எழுதுங்கள்

பொறுப்புகளை எழுதாதீர்கள், பெயர்களை எழுதுங்கள். "குடும்பம்" என்று எழுதினால் அது ஒரு பொதுச்சொல்லாகவே நின்றுவிடும். அம்மாவின் பெயர், மகளின் பெயர், உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிற புதுப் பையனின் பெயர் என்று எழுதும்போதுதான் யார் எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்வி: இவருக்கு நான் செய்கிறதை வேறு யாராவது செய்ய முடியுமா? உங்கள் அலுவலக வேலையை இன்னொருவர் செய்துவிடுவார். சபையில் நீங்கள் எடுக்கிற வகுப்பை இன்னொருவர் எடுக்கலாம், ஒருவேளை உங்களைவிட நன்றாகவே எடுக்கலாம். உங்கள் பிள்ளைக்குத் தாயாகவோ தகப்பனாகவோ உங்கள் இடத்தில் வேறு யாரையும் வைக்க முடியாது. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டாலே முன்னுரிமைக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இங்கே இயேசு கடுமையாகப் பேசிய ஒரு இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் மாற்கு 7-ல் கண்டிக்கிறார். தேவனுடைய பெயரைச் சொல்லி வீட்டாரைக் கைவிடுகிறது அவருக்குப் பக்தியாகத் தெரியவில்லை. சிலுவையில் உயிர் போகிற வேளையில் அவரே தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். உலகத்தின் பாவத்தைச் சுமந்துகொண்டிருந்த நேரம் அது, இதைவிடப் பெரிய ஊழியம் ஒன்று இருந்திருக்க முடியாது. அப்போதும் அம்மாவுக்கு யார் என்ற ஏற்பாட்டை அவர் விடவில்லை. ஊழியத்துக்காகப் பெற்றோரைப் பார்க்க முடியவில்லை என்று பெருமையாகச் சாட்சி சொல்கிறவர்களைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படி 4: வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்

தனிப்பட்ட அழைப்புக்கான தடயங்கள் பெரும்பாலும் உங்கள் கடந்த காலத்தில் கிடக்கும். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, ஐந்தைந்து வருடமாக உங்கள் வாழ்க்கையைப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, ஜனங்கள் உங்களிடம் எதற்காக வந்தார்கள்? இதுதான் மிக நம்பகமான தடயம். ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற பெண். அவருக்குப் பிரசங்கம் வராது, பாட வராது, கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் குரல் நடுங்கும். "எனக்கு வரம் எதுவும் இல்லை" என்று உறுதியாக நம்புகிறார். ஆனால் தெரிந்தவர் யாராவது மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் அழைப்பு இவருக்குத்தான் வரும். எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும், காப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பக்கூடாது, இரவில் யார் துணைக்கு இருப்பது, நோயாளியின் பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று அரைமணி நேரத்தில் ஒழுங்கு செய்துவிடுவார். பிறகு நோயாளியின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் "சும்மா ஒரு உதவி" என்றுதான் அவர் நினைக்கிறார். ரோமர் 12-ஆம் அதிகாரத்தின் வரங்களின் பட்டியலில் போதிப்பதும் இருக்கிறது, இரக்கம் செய்வதும் இருக்கிறது, முன்னின்று நடத்துவதும் இருக்கிறது. இவரிடம் இரண்டு வரங்கள் பல வருடமாக வேலைசெய்துகொண்டிருக்கின்றன. நமக்கு இயல்பாக வருகிற ஒன்றை வரம் என்று நாமே கண்டுகொள்வது கடினம்.

யோப்பாவில் தொற்காள் இறந்தபோது அவளுடைய அழைப்பு என்னவென்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை. விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்கு எடுத்துக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9:39). உங்களால் நன்மை பெற்றவர்கள் எதை எடுத்துக் காட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, உங்களுக்குப் பாரம் எதில்? மற்றவர்கள் கடந்துபோகிற எந்தக் காரியத்தை உங்களால் கடந்துபோக முடியவில்லை? பாரம் இருப்பதாலேயே வழிமுறை சரியாகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தன் ஜனத்தின் பாடு மோசேயை உறுத்தியது உண்மையான பாரம்தான். ஆனால் எகிப்தியனை அடித்துக் கொன்றுவிட்டு மீதியானுக்கு ஓடினார். அதே பாரத்தோடு சரியான வழியில் திரும்பிவர நாற்பது வருடம் ஆனது.

மூன்றாவது, எதைச் செய்தபின் களைப்பு இருந்தும் மனம் நிறைந்திருந்தது? நான்காவது, எந்தக் காயத்திலிருந்து தேவன் உங்களைத் தூக்கினார்? தாங்கள் பெற்ற ஆறுதலாலேயே மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல முடிகிறது என்று பவுல் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். ஆனால் ஆறாத காயத்தோடு அதே துறையில் இறங்கவேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாள்கள் நிறையக் கிடைக்கின்றன. நிரப்பிப் பார்ப்பதில் தவறில்லை. நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை அவை காட்டும், அதற்கு மேல் அவற்றை நம்பவேண்டாம்.

படி 5: உங்களைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்

பர்னபாவையும் சவுலையும் (பின்னாளில் பவுல்) ஊழியத்துக்காகப் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னது அந்தியோகியா சபை கூடி ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோது. தனியறையில் தோன்றுகிறதைச் சபை நடுவே சோதித்துப்பார்க்கிற வழக்கம் அன்றைக்கே இருக்கிறது.

மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் உங்களோடு இருப்பவர் ஒருவர், வேலையிடத்தில் உங்களைப் பார்த்தவர் ஒருவர், விசுவாசத்தில் உங்களுக்கு மூத்தவர் ஒருவர். "என் அழைப்பு என்ன என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "நான் எதைச் செய்யும்போது உங்களுக்கு உண்மையிலேயே பிரயோஜனமாக இருந்தது? எதைச் செய்வதை நான் நிறுத்தினால் நல்லது? நான் எதிலிருந்து தப்பித்து ஓடுகிறதாகத் தெரிகிறதா?" மூன்றாவது கேள்வி கசக்கும். அதைத் தவிர்க்காதீர்கள். பிடிக்காத மேலாளரிடமிருந்து தப்பிக்க நினைப்பதைத் தேவன் தரும் அழைப்பாக எடுத்துக்கொள்வது எளிதில் நடக்கிறது.

யாராவது உங்கள்மேல் கைவைத்து, "நீ இந்த ஊழியம் செய்வாய்" என்று தீர்க்கதரிசனம் சொன்னால்? அற்பமாக எண்ணவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது 1 தெசலோனிக்கேயர் 5. சொன்ன வார்த்தையைத் தேதியோடு எழுதிவையுங்கள். மற்ற தடயங்களோடு சேர்கிறதா என்று பாருங்கள். பயமுறுத்தி உடனே முடிவெடுக்க வைக்கிற வார்த்தை, சொன்னவருக்கே பணமோ ஆளோ சேர்க்கிற வார்த்தை என்றால் விலகிவிடுங்கள்.

படி 6: சிறியதாகச் செய்துபாருங்கள்

இதுவரை சேர்ந்த தடயங்களிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து, மூன்று மாதம், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செய்யுங்கள். சிறுபிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பாரம் என்றால், பள்ளி தொடங்கக் கனவு காண்பதற்கு முன் இரண்டு பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் பாடம் சொல்லிக்கொடுங்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிள்ளைகளில் ஒன்று வராமல் போகும், மற்றொன்று படிக்காமல் வரும். அப்போதும் போக விருப்பமிருக்கிறதா என்பதில் உங்களுக்கு நிறையத் தெரிந்துவிடும்.

முதல் மாதத்தின் உற்சாகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டாவது மாதத்தின் சலிப்பை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது மாதத்தின் இறுதியில் மூன்று கேள்விகள்: யாருக்காவது நன்மை நடந்ததா? நான் இதில் தேறினேனா? என் வீட்டாருக்கு இதனால் என்ன ஆனது? வெளியே நன்மையும் வீட்டில் கசப்பும் வந்திருந்தால், வேலை தவறு என்று உடனே சொல்லமுடியாது. நேரமோ அளவோ தவறாக இருக்கலாம்.

படி 7: பெரிய முடிவு எடுக்கவேண்டி வந்தால்

வேலையை விடுவது, ஊர் மாறுவது, ஊழியத்துக்குள் போவது போன்ற முடிவுகளைப் பற்றிப் பேசுகிறேன்.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் விழுந்த வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிதியோனின் ஆட்டுத்தோலையும் மாதிரியாக வைக்கவேண்டாம். தேவன் தெளிவாகச் சொன்னபிறகும் நம்பமுடியாமல் கிதியோன் கேட்ட அடையாளம் அது. தேவன் பொறுமையாகக் கொடுத்தார், அவ்வளவுதான். திறந்த வாசல், அடைபட்ட வாசல் என்பதிலும் நிதானம் தேவை. அப்போஸ்தலர் 16-ல் பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. இரண்டு தடைகளுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. அவர் உட்கார்ந்துவிடாமல் துரோவா வரை நடந்தார், அங்கேதான் மக்கெதோனியா தரிசனம் வந்தது.

சோர்வின் ஆழத்தில் முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே தெளிந்த மனதோடு எடுத்த தீர்மானத்தை மனம் வறண்டிருக்கும் காலத்தில் மாற்றக்கூடாது என்று இயேசு சபைத் துறவியர் அமைப்பை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 16-ஆம் நூற்றாண்டில் ஒரு விதியே வகுத்தார். 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்திருந்தபோது, தூதன் அவரோடு அழைப்பைப் பற்றிப் பேசவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அழைப்பைப் பற்றிய பேச்சு ஓரேப் மலையில், பிற்பாடு. சில நேரங்களில் நமக்கு வேண்டிய தேவசித்தம் எட்டு மணி நேரத் தூக்கம்தான்.

எல்லோரும் விட்டுவிட்டு வரத்தான் அழைக்கப்படுகிறார்கள் என்றும் இல்லை. இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1785-ல் மனந்திரும்பியபோது, அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடலாமா என்று தவித்தார். முன்பு அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்து பின்பு போதகரான ஜான் நியூட்டனிடம் ஆலோசனை கேட்டார். இருக்கிற இடத்திலேயே இருக்கும்படி நியூட்டன் ஊக்கப்படுத்தினார். 1807-ல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அடிமைத்தனத்தையே ஒழிக்கிற மசோதா 1833 ஜூலையில் மக்களவையில் நிறைவேறிய சில நாட்களில் வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். அவருடைய அழைப்பு நாடாளுமன்ற இருக்கையிலேயே இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்த வில்லியம் கேரி 1793-ல் இந்தியாவுக்கு மிஷனரியாகப் புறப்பட்டபோது, அவருடைய மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். கடைசி நேரத்தில் தன் சகோதரியோடு வரச் சம்மதித்தார். வந்த மறுவருடமே அவர்களுடைய மகன் பீட்டர் இறந்தான். டாரதி மனநோய்க்கு ஆளாகி, 1807-ல் இறக்கும்வரை மீளவில்லை. கேரி செய்த வேலையின் அளவு மகத்தானது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் டாரதியை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்வது நேர்மையல்ல. திருமணமானவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது: உங்கள் துணைவர் மனப்பூர்வமாகச் சம்மதிக்கும்வரை பொறுங்கள். தேவன் உங்கள் ஒருவருக்கு மட்டும் பேசிவிட்டு, கூடவே அந்தப் பாரத்தைச் சுமக்கப்போகிறவருக்குப் பேசாமல் இருப்பாரா?

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்டார். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. கடன் எவ்வளவு, அதை யார் அடைப்பது? உங்களை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர்? வருமானம் நின்றால் எத்தனை மாதம் ஓடும்? போகிற இடத்தில் நீங்கள் யாருக்குக் கணக்கு ஒப்புவிப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் புறப்படாதீர்கள். யாருக்கும் கீழ்ப்படியாத ஊழியம் ஊழியக்காரரையும் கெடுக்கும், ஜனங்களையும் கெடுக்கும்.

படி 8: ஏணியை எடுத்துவிட்டு வாரத்தைப் பாருங்கள்

"முதலில் தேவன், பிறகு குடும்பம், பிறகு ஊழியம், பிறகு வேலை" என்கிற வரிசையை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டது, ஆனால் நடைமுறையில் சிக்கல் தருகிறது. தேவன் முதல் படி என்றால், காலை ஜெபத்தை முடித்ததும் அவருடைய பங்கு முடிந்துவிட்டதா? வேலை கடைசி என்றால், நாளில் அதிக நேரத்தை அதற்குத்தானே கொடுக்கிறோம்? "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்று இயேசு சொன்னபோது, உணவையும் உடையையும் பற்றிய கவலையின் நடுவேதான் சொன்னார். அவருடைய ராஜ்யம் உங்கள் சமையலறைக்கும் வங்கிக் கணக்குக்கும் அலுவலக மேசைக்கும் சேர்த்துத்தான். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகர மடம் ஒன்றில் சமையலறை வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவசமுகத்தில் இருக்கப் பழகினார். அவரை இன்றுவரை ஜனங்கள் நினைவுகூருவதற்குக் காரணம் அந்தச் சமையலறைதான்.

ஆகவே வரிசையைவிட, இந்த வாரம் யாருக்கு என்ன கடமை என்று பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். தினமும் ஏழு மணி நேரம் தூங்கினால் 49 போய்விடும், மீதி 119. வேலையும் போக்குவரத்தும் ஆறு நாள், நாளுக்குப் பத்தரை மணி என்றால் 63, மீதி 56. குளியல், சாப்பாடு, சமையல், துணி, கடைகண்ணி எல்லாம் நாளுக்கு மூன்று மணி என்றால் 21. கையில் நிற்பது 35 மணி. இந்த 35-க்குள்தான் ஜெபம், பிள்ளைகள், பெற்றோர், சபை, நண்பர்கள், ஓய்வு, கைப்பேசி எல்லாமே. கைப்பேசிக்கு நாளுக்கு இரண்டு மணி போனால் 14 காலி, மீதி 21.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஒரு வாரம் மட்டும் நிஜமாகக் குறித்துப் பாருங்கள், நீங்கள் நினைத்திருப்பதற்கும் குறிப்புக்கும் வித்தியாசம் இருக்கும். பிறகு மூன்றாம் படியில் எழுதிய பெயர்களை எடுத்து, ஒவ்வொரு பெயரும் இந்த 35-க்குள் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எங்குமே இல்லாத பெயரை முதலில் உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கு இடமளிக்க எது வெளியே போகவேண்டும் என்று துணைவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

எல்லா வாரமும் சமமாக இருக்கவேண்டும் என்று முயற்சி செய்யவேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வருடமும், அப்பா படுக்கையில் இருக்கும் மாதங்களும், தேர்வுக் காலமும் ஒன்றுபோல இருக்காது. ஒரு காலத்தில் ஒன்றுக்கு அதிகம் கொடுப்பது தவறில்லை. அந்தக் காலம் எப்போது முடிகிறது என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். முடிவுதேதி இல்லாத "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" பிள்ளைகள் வளர்ந்து போகும்வரை நீண்டுவிடும்.

படி 9: மறுக்கவும் ஓய்வெடுக்கவும் பழகுங்கள்

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்தில் ஜெபிக்கிறார். சீமோன் தேடிவந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். முந்தின மாலை ஊரே வாசலில் கூடியிருந்தது, தேவை உண்மையானது. அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். தேவை இருக்கிற இடமெல்லாம் நம் அழைப்பு என்றால், அவரே கப்பர்நகூமை விட்டுப் புறப்பட்டிருக்கமாட்டார்.

சபையில் வேலை செய்கிறவருக்கே மேலும் மேலும் வேலை சேரும். மோசேயின் மாமனார் எத்திரோ இதைப் பார்த்துவிட்டு, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு ஒரு தலைவராகப் பொறுப்பைப் பிரித்துக்கொடுக்கச் சொன்னார். மறுக்கும்போது நீளமாக விளக்கம் சொல்லவேண்டாம். "ஐயா, இந்த வருடம் வாலிபர் கூட்டத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். இதையும் எடுத்தால் இரண்டையும் சரியாகச் செய்யமாட்டேன், மன்னிக்கவும்" என்று சொன்னால் போதும். போதகர் வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும். நல்ல போதகர் புரிந்துகொள்வார்.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு கட்டளையாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஞாயிறு பெரும்பாலும் ஓய்வுநாளாக இருப்பதில்லை. அப்படியானால் வேறொரு அரைநாளையாவது ஒதுக்கி, நீங்கள் இல்லாமலும் உலகம் நடக்கிறது என்பதை அனுபவித்துப் பாருங்கள்.

படி 10: ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறங்கள்

யோசேப்பு சொப்பனம் கண்டது பதினேழு வயதில். பார்வோனுக்கு முன்பாக நின்றது முப்பது வயதில். இடையில் இருந்த பதின்மூன்று வருடத்தில் குழி, அடிமை வேலை, சிறைச்சாலை. ஆனால் போத்திபாரின் வீட்டையும் சரி, சிறைச்சாலையையும் சரி, அவர் ஒழுங்காக நிர்வகித்தார். எகிப்தின் தானியத்தை நிர்வகிக்க வேண்டிய பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

அதனால் நோட்டைத் திறக்கும்போது "இன்னும் தெரியவில்லையே" என்று தொடங்காதீர்கள். இந்த ஆறு மாதத்தில் யாருக்கு நன்மை போனது, எந்தப் பெயர் விடுபட்டது, எது என் கையைவிட்டு இன்னொருவருக்குப் போகவேண்டும், எதில் நான் தேறியிருக்கிறேன் என்று எழுதுங்கள். நோயாலோ வேலையிழப்பாலோ ஒன்றும் செய்யமுடியாமல் இருக்கிறவர்கள் முதல் படிக்குத் திரும்புங்கள். அங்கே எழுதிய பொதுவான அழைப்பில் ஒரு வரியும் படுக்கையில் இருப்பவருக்கு மூடப்படவில்லை. உங்களைப் பார்க்க வருகிறவர்களின் பெயர்களைக் குறித்துவைத்து அவர்களுக்காக ஜெபியுங்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது, போனமுறை சொன்ன காரியம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.